அட்மின் வேலையில் இருந்துகொண்டே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கற்பது எப்படி? (கையில் ஓர் ஆபீஸ் ஷிஃப்டிங்)

மல்லிகா_அட்மின் | ஜூன் 9, 2025

வணக்கம். கிண்டியில் 140 பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் அட்மின் எக்ஸிக்யூட்டிவாக இருக்கிறேன். கேப், கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், ஏசி சர்வீஸ், வெண்டர் பில், ஐடி கார்டு என்று எது யாருக்கும் சொந்தமில்லையோ அதெல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும். போன வாரம் எம்டி கூப்பிட்டு, பெருங்குடியில் புது இடம் பிடித்தாயிற்று, ஷிஃப்டிங்கை நீங்களே ஒரு ப்ராஜெக்ட்டாக எடுத்துச் செய்யுங்கள், ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பழைய கட்டிடத்தின் லீஸ் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கற்க வேண்டும் என்று எனக்கே ரொம்ப நாளாக ஆசை. ஆனால் எந்த வீடியோவைத் திறந்தாலும் சாஃப்ட்வேர் டீம், ஸ்பிரின்ட், இல்லாவிட்டால் பாலம் கட்டுவது. அட்மினுக்கு என்று யாருமே சொல்லித் தருவதில்லை. பிஎம்பி (PMP) மாதிரி ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் சான்றிதழ் படிக்கலாமா, அதற்கு முன் வேறு ஏதாவது படிக்க வேண்டுமா? தினசரி வேலையும் நிற்காது. பி.காம் முடித்தவள், எக்செல் நன்றாக வரும்.

சும்மா_ஒரு_ஆள் | ஜூன் 9

இதற்கு எதற்கு மேடம் சர்டிஃபிகேட்? வீட்டில் ஒரு கல்யாணத்தை எடுத்து நடத்திய யாரும் ப்ராஜெக்ட் மேனேஜர்தான். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் அதே கதைதான்.

ஓஎம்ஆர்_வாசி | ஜூன் 9

எல்லா இழையிலும் முதல் பதில் இந்தக் கல்யாணம்தான். கல்யாணத்தில் முகூர்த்த நேரம் மாறாது, செலவு மீறினால் அப்பா கடன் வாங்குவார். ஆபீஸில் தேதியும் மாறும், செலவுக்கும் கையெழுத்து வேண்டும். அதை விடுங்கள்.

மல்லிகா, நான் ஃபெசிலிட்டி மேனேஜர். பெருங்குடி இருக்கும் இந்த ஓஎம்ஆர் ரோட்டிலேயே நாலைந்து ஆபீஸ் மாற்றம் பார்த்திருக்கிறேன். கோர்ஸ் எது என்று தேடுவதற்கு முன் இந்த ஷிஃப்டிங்கையே பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி ஒரு எக்செல் ஷீட்டில் நாலு காலம் போடுங்கள்: வேலை, எத்தனை வாரம் ஆகும், எது முடிந்த பிறகு இதைத் தொடங்க முடியும், யார் செய்வார். மூன்றாவது காலம்தான் முக்கியம். அட்மின் ஆட்கள் செக்லிஸ்ட் போடுவதில் கெட்டிக்காரர்கள், ஆனால் செக்லிஸ்ட்டில் ஒன்றுக்குப் பின் ஒன்று என்ற உறவு தெரியாது. லெட்டர்ஹெட் அச்சடிப்பதும் நெட்வொர்க் கேபிள் இழுப்பதும் அதில் ஒரே மாதிரி இரண்டு டிக் பாக்ஸ்.

உங்கள் கணக்கைத் தோராயமாக நானே போட்டுப் பார்த்தேன். இன்டீரியர் வரைபடம் ஒப்புதல் 1 வாரம், எலக்ட்ரிக்கல் 2, பார்ட்டிஷனும் சீலிங்கும் 3, டேட்டா கேபிளிங் 1, சோதனை 1. இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். மொத்தம் 8 வாரம். இன்றிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 4. ஆடி பிறப்பது ஜூலை 17, அதற்கு ஐந்தரை வாரம்கூட இல்லை. அதாவது உங்கள் எம்டி சொன்ன தேதி முதல் நாளே உடைந்துவிட்டது. இதை அவரிடம் ஜூலை 10-ஆம் தேதி சொன்னால் நீங்கள் தாமதப்படுத்தியவர் ஆவீர்கள். இந்த வாரமே ஷீட்டோடு போய்ச் சொன்னால் கணக்குத் தெரிந்தவர் ஆவீர்கள்.

இந்த நீளமான சங்கிலிக்குத்தான் கிரிட்டிகல் பாத் என்று பெயர். 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி தன் ரசாயன ஆலைகளின் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் உருவாக்கிய முறை. ஆலையை நிறுத்திப் பராமரித்துவிட்டு எவ்வளவு சீக்கிரம் மறுபடி ஓட்டலாம் என்பதுதான் அவர்கள் தலைவலி. நம்முடைய தலைவலியும் ஏறக்குறைய அதுதான்.

மல்லிகா_அட்மின் | ஜூன் 10

ஷீட் போட்டேன் சார். 63 வரி வந்தது. பாதிக்கு மேல் "எது முடிந்த பிறகு" காலம் காலியாக இருக்கிறது, அப்படியென்றால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமா? லீஸ்டு லைனை (ஆபீஸுக்கென்று தனியாக வரும் இன்டர்நெட் இணைப்பு) இந்தச் சங்கிலியில் எங்கே வைப்பது? வெண்டரிடம் கேட்டால் "பார்த்துக்கலாம் மேடம், சீக்கிரம் பண்ணிடலாம்" என்கிறார். தேதி மட்டும் வாயில் வரவில்லை.

தோஹா_பிஎம் | ஜூன் 10

காலியாக இருப்பவற்றில் சில உண்மையிலேயே சுதந்திரமான வேலைகள். அவற்றுக்கு ஃப்ளோட் இருக்கிறது, பத்து நாள் தள்ளிப்போனாலும் யாருக்கும் வலிக்காது. மற்றவை நீங்கள் இன்னும் விசாரிக்காதவை. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறித்து வையுங்கள்.

லீஸ்டு லைனுக்கு வெண்டரிடம் ஒரே தேதி கேட்காதீர்கள், மூன்று கேளுங்கள். எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை வாரம்? வழக்கமாக எத்தனை? ரோடு வெட்ட அனுமதி கிடைக்காமல் போய் எல்லாமே சொதப்பினால் எத்தனை? 4, 6, 14 என்று சொல்கிறார் என்று வையுங்கள். நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். 4 + 24 + 14 = 42, வகுத்தால் 7 வாரம். இது பெர்ட் என்ற முறை, 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்தது. அவ்வளவு பெரிய இடத்துச் சமாச்சாரம் உங்கள் எக்செல்லில் ஒரு செல்லில் அடங்கிவிடும்.

7 வாரம் என்றால் உங்கள் 8 வாரச் சங்கிலிக்கு உள்ளே வந்துவிடுகிறது, சரி. ஆனால் அந்த 14-ஐ மறக்காதீர்கள். 14 வாரம் என்றால் செப்டம்பர் நடு, லீஸ் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். சராசரியை நம்பித் திட்டம் போடுங்கள், ஆனால் மாற்று ஏற்பாட்டை அந்த 14-க்காக வையுங்கள். வேறொரு கம்பெனியின் சாதாரண ஃபைபர் பிராட்பேண்ட் இரண்டு, ஒரு 5ஜி ரௌட்டர், இவற்றுக்கு என்ன செலவு என்று இப்போதே விலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ரிஸ்க் ரெஜிஸ்டர் என்று புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள், உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பிஎம்பி எழுதியது 2022-இல். 180 கேள்வி, 230 நிமிடம். எழுதுவதற்கு முன் 35 மணி நேர வகுப்பு முடித்திருக்க வேண்டும், பட்டதாரி என்றால் ப்ராஜெக்ட்டை நடத்திய அனுபவம் 36 மாதம் காட்ட வேண்டும். அட்மின் ஆட்கள் வழுக்கும் இடம் இதுதான். எட்டு வருட அட்மின் வேலையை அப்படியே எழுதினால் ஏற்க மாட்டார்கள். தொடக்கமும் முடிவும் உள்ள வேலை மட்டும்தான் கணக்கில் வரும். கேப் ரோஸ்டர் போடுவது வராது. கேப் வெண்டரை மாற்றி, புது ஆப் கொண்டுவந்து, மூன்று மாதத்தில் முடித்தீர்களா, அது வரும். கோப்புகளை ஸ்கேன் செய்து டிஜிட்டல் ஆக்கியது, அட்டெண்டன்ஸ் இயந்திரம் மாற்றியது, இந்த ஷிஃப்டிங் எல்லாம் வரும்.

அனுபவம் போதாவிட்டால், பிஎம்பி தேர்வை நடத்தும் அதே பிஎம்ஐ அமைப்பின் சிஏபிஎம் சான்றிதழ் இருக்கிறது. அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேரப் படிப்பு போதும், 150 கேள்வி, 3 மணி நேரம். கட்டணத்தை அவர்கள் தளத்திலேயே பாருங்கள், உறுப்பினருக்கு ஒன்று மற்றவருக்கு ஒன்று என்று இருக்கும்.

ஓஎம்ஆர்_வாசி | ஜூன் 10

பெர்ட் கணக்கு நல்லது, ஆனால் நம் ஊர் வெண்டர் மூன்றாவது எண்ணைச் சொல்லவே மாட்டார். "அப்படியெல்லாம் ஆகாது சார்" என்பார். பில்டிங் மேனேஜரையும், அதே கட்டிடத்தில் கடைசியாகக் குடிவந்த கம்பெனியின் அட்மினையும் கேளுங்கள். உண்மையான எண் அவர்களிடம் இருக்கும். முக்கியமாக, எந்த கம்பெனியின் ஃபைபர் ஏற்கனவே பேஸ்மென்ட் வரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் புதிதாகப் பள்ளம் தோண்டி லைன் கொண்டுவருவது ஒரு கதை, பேஸ்மென்ட்டிலிருந்து மேலே இழுப்பது வேறு கதை.

தன்பதிவேடு | ஜூன் 11

நான் வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பேசும் ஆங்கிலப் பெயர்கள் பாதி எனக்குப் புதிது, விஷயம் புதிதில்லை. மதராஸ் மாகாணக் காலத்திலிருந்து நம் அரசு அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்று ஒன்று இருக்கிறது. வரும் ஒவ்வொரு தாளுக்கும் ந.க. எண் என்று ஒரு பதிவு எண். ஒவ்வோர் உதவியாளருக்கும் ஒரு தன்பதிவேடு. தாள் எந்தத் தேதியில் வந்தது, யாருக்கு எப்போது சமர்ப்பிக்கப்பட்டது, எப்போது திரும்பியது, நினைவூட்டு எப்போது போனது, எப்படி முடிந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். கண்காணிப்பாளர் குறிப்பிட்ட இடைவெளியில் அதை வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடுவார். இப்போதைக்கு நடவடிக்கை இல்லாத, வெகுநாள் கழித்து எடுக்க வேண்டிய கோப்புகளுக்குத் தனியாக ஒரு பதிவேடு உண்டு, அதனால் அவை மேஜையை அடைக்காது, மறந்தும் போகாது.

மல்லிகா அம்மாவுக்கு என் யோசனை ஒன்றுதான். உங்கள் எக்செல்லில் "நிலை" என்று ஒரு காலம் வைத்து அதில் "நடக்கிறது" என்று எழுதாதீர்கள். எதுவும் தானாக நடப்பதில்லை, யாரோ ஒருவரிடம் நிற்கிறது. "யாரிடம் நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து" என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலை வாரம் ஒரு முறை அச்செடுத்து எம்டி மேஜையில் வைத்துப் பாருங்கள், அவர் பெயர் எத்தனை வரியில் இருக்கிறது என்று அவரே எண்ணுவார்.

கோவை_காலேஜ்_ஆபீஸ் | ஜூன் 11

ஐயா சொன்னது உண்மை, ஆனால் ஒரு மறுப்பு. அந்த முறையில் ஒவ்வொரு தாளும் எங்கே இருக்கிறது என்று தெரியும், மொத்த வேலை எப்போது முடியும் என்று தெரியாது. பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களைக் கேளுங்கள். தாளைத் துரத்துவது ஒன்று, முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது வேறு.

எனக்கு இது நாக் (NAAC, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) வேலையில் புரிந்தது. 2022-இல் எங்கள் கல்லூரி அந்தத் தர மதிப்பீட்டுக்குப் போனது. அப்போதிருந்த முறையில் முதல் விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் சுய ஆய்வு அறிக்கையை ஏற்ற வேண்டும். ஏழு அளவுகோல், ஐந்து வருடத் தரவு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஆதாரம். முதலில் துறைவாரியாகப் பிரித்தோம், இயற்பியல் துறை இதைக் கொடு, வணிகவியல் துறை அதைக் கொடு என்று. ஒரே விவரத்தைப் பதினான்கு துறையும் பதினான்கு வடிவில் கொடுத்தன. பிறகு கடைசியில் ஏற்றப்போகும் கோப்பு எதுவோ அதை வைத்துப் பிரித்தோம். இந்த எண்ணுக்கு இந்த ஒரு பிடிஎஃப், அதற்கு ஒரே ஒருவர் பொறுப்பு, அவர் எத்தனை துறையிடம் வாங்குகிறார் என்பது அவர் பாடு. அதற்குப் பிறகுதான் வேலை ஓடியது. இதற்கு ஒர்க் பிரேக்டவுன் என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது.

உங்கள் 63 வரியும் "ஐடி", "எலக்ட்ரிக்கல்", "ஹெச்ஆர்" என்று பிரிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரு முறை "நாலாவது மாடி மீட்டிங் ரூம் உபயோகத்துக்குத் தயார்", "அக்கவுண்ட்ஸ் டீம் புது இடத்தில் சம்பளம் போட முடிகிறது" என்று பிரித்துப் பாருங்கள். விட்டுப்போனவை தானாக வெளியே வரும்.

தன்பதிவேடு | ஜூன் 11

பட்டா மாறுதலைச் சொன்னதால் பேசாமல் போகிறேன் 🙂 பதிவேட்டின் குறை இல்லை அது, பதிவேட்டைப் பார்க்காதவர்களின் குறை. ஆனால் பின்னோக்கி எண்ணுவது எங்களிடம் தேர்தல் வேலையில் மட்டும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்குப்பதிவு நாள் அறிவித்துவிட்டால் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம்.

மல்லிகா_அட்மின் | ஜூன் 13

எம்டியைப் பார்த்தேன். ஷீட்டைக் காட்டியதும் முதல் ஐந்து நிமிடம் கோபம். பிறகு "ஆகஸ்ட் முதல் வாரம் என்றால் ஆடி ஆயிற்றே, ஆடியில் எப்படிப் போவது" என்றார். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17. அதற்குப் பின் என்றால் லீஸ் முடிய இரண்டே வாரம். பழைய இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சாவி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். அதை என் 63 வரியில் எழுதவே இல்லை, கோவைக்காரர் சொன்னபடி திருப்பிப் பிரித்தபோதுதான் வந்தது.

இன்னொரு தலைவலி. எம்டி ஒரு லேஅவுட்டுக்கு ஓகே சொல்கிறார், அவருடைய வாஸ்து ஆலோசகர் வந்து பார்த்துவிட்டு எம்டி கேபின் தென்மேற்கில் வேண்டும் என்கிறார், ஃபைனான்ஸ் டைரக்டர் அந்த மூலை தனக்கு என்கிறார். இன்டீரியர்காரர் என்னிடம் "மேடம், ஃபைனல் யாருங்க?" என்று கேட்கிறார். எனக்கே தெரியவில்லை.

சும்மா_ஒரு_ஆள் | ஜூன் 13

என் கல்யாண உதாரணத்தைத் துரத்திவிட்டீர்களே, இப்போது பாருங்கள். ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் புது இடத்தில் பால் காய்ச்சி, ஒரு கணபதி ஹோமம் செய்து, எம்டியின் மேஜை ஒன்றையும் இரண்டு ஃபைலையும் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். குடிபோயாயிற்று. அப்புறம் மற்ற சாமான் ஆடியில் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். சிமென்ட் காயாத தரையில் ஹோமம் செய்த ஆட்களை எனக்குத் தெரியும்.

ஓஎம்ஆர்_வாசி | ஜூன் 13

இந்த இழையிலேயே உருப்படியான ஐடியா இதுதான், சும்மா ஆள் சொன்னது என்பதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

எம்டிக்கு உண்மையில் வேண்டியது ஆடிக்கு முன் 140 நாற்காலி நகர்வது இல்லை, ஆடிக்கு முன் நுழைவது. அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்ததும் நாலு வாரம் கையில் வந்துவிட்டது. "தேதி" என்று யாராவது சொன்னால், அந்தத் தேதியில் என்ன நடந்திருந்தால் அவருக்குப் போதும் என்று கேளுங்கள். படிக்கும்போது இதை ஸ்கோப் என்ற அத்தியாயத்தில் வைத்திருப்பார்கள்.

வன்னி_கந்தோர் | ஜூன் 14

வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் வேலை முழுக்க செயற்றிட்டங்கள்தான், நிதி தருபவர்கள் கேட்கும் படிவம் அப்படி. "இறுதி முடிவு யாருடையது" என்ற பிரச்சினைக்கு நான் ஒன்று சொல்லலாமா?

நான் படித்தது பிரின்ஸ்2. பிரிட்டன் அரசாங்கத்தில் உருவானது, 1996 இலிருந்து அந்தப் பெயரில் இருக்கிறது. பெரும்பகுதி எங்கள் அளவுக்குப் பெரிய சட்டை. ஆனால் ஒரு விஷயத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். வேலையைப் பொறுப்பேற்கும் முன்னமே எல்லை போட்டு வாங்குவது. இத்தனை ரூபா வரை, இத்தனை நாள் தாமதம் வரை நானே முடிவெடுப்பேன், உங்களிடம் வரமாட்டேன். அதைத் தாண்டப்போகிறது என்று தெரிந்த அன்றே வருவேன், தாண்டிய பிறகு அல்ல. இதைப் பணிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிவிட்டால் நாளுக்குப் பத்துத் தரம் கதவு தட்டத் தேவையில்லை. அவருக்கும் நிம்மதி.

மற்றது, எங்களிடம் எந்தக் கொள்வனவுக்கும் மூன்று விலைமனு கட்டாயம். அதற்கு எடுக்கும் நாட்களை ஆரம்பத்தில் யாரும் திட்டத்தில் போடுவதில்லை. நீங்கள் பார்ட்டிஷன் 3 கிழமை (வாரம்) என்று போட்டிருக்கிறீர்கள். விலைமனு கேட்டு, ஒப்பிட்டு, ஒப்பமிட்டு, முற்பணம் போக எத்தனை நாள்? தச்சருக்குக் காசு போகும் வரை அவர் மரம் வாங்கமாட்டார்.

மல்லிகா_அட்மின் | ஜூன் 14

ஐயோ, பர்ச்சேஸ் ஆர்டர் ஒப்புதலுக்கே எங்களிடம் ஒரு வாரம் ஆகும். சங்கிலி 9 வாரமாகிவிட்டது.

தோஹா_பிஎம் | ஜூன் 14

ஆகட்டும், இப்போது தெரிந்ததே நல்லது. எலக்ட்ரிக்கல் வேலை நடக்கும்போதே பார்ட்டிஷனுக்கு விலை கேட்டுவிடலாம், அந்த வாரம் சங்கிலிக்கு வெளியே போய்விடும்.

லேஅவுட் விஷயத்துக்கு ராசி (RACI) என்று ஓர் அட்டவணை உண்டு (ஜாதகம் இல்லை, வாஸ்துக்காரர் சந்தோஷப்பட வேண்டாம்). ஒவ்வொரு முடிவுக்கும் நேரே நாலு இடம்: செய்பவர் யார், கடைசிப் பொறுப்பு யார், முன்கூட்டியே யாரைக் கேட்க வேண்டும், முடிந்த பிறகு யாருக்குச் சொன்னால் போதும். கடைசிப் பொறுப்பில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கலாம். லேஅவுட்டுக்கு எம்டி. ஃபைனான்ஸ் டைரக்டர் முன்கூட்டியே கேட்கப்பட வேண்டியவர். வாஸ்து ஆலோசகரையும் அதே இடத்தில் தைரியமாக எழுதுங்கள், அவரை எழுதாமல் விட்டால் மட்டும் அவர் இல்லாமல் போய்விடப் போவதில்லை. ஆனால் அவரிடம் கேட்பது ஒரே முறை, வரைபடம் கையெழுத்தாகும் முன். அதற்குப் பிறகு வரும் மாற்றத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று இன்டீரியர்காரரிடம் எழுதி வாங்கி எம்டிக்கு அனுப்புங்கள். மறுக்க வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை, விலையைக் காட்டினால் போதும்.

கோவை_காலேஜ்_ஆபீஸ் | ஜூன் 15

முடிவுகளை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் விடாதீர்கள். "ஓகே" என்று கட்டைவிரல் போட்டது எந்த லேஅவுட்டுக்கு என்று மூன்று வாரம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே மூன்று வரியில் ஒரு மெயில். என்ன முடிவு, யார் சொன்னது, எந்தத் தேதி.

அக்கவுண்ட்ஸ்_அம்மணி | ஜூன் 16

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அக்கவுண்ட்ஸ்காரர்களை யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். மாதாமாதம் எங்களுக்கு அசையாத தேதிகள் இருக்கின்றன. 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன், 15 பிஎஃப், ஈஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி என்ற இன்னொரு ரிட்டர்ன், அப்புறம் 25-க்கு மேல் சம்பளம். சர்வரை 14-ஆம் தேதி பிடுங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகஸ்ட் 15 இந்த வருடம் வெள்ளிக்கிழமை, மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது என்று யாராவது அந்த வாரக் கடைசியை எடுத்துக்கொண்டு வருவார்கள் பாருங்கள். எங்களுக்கு அது பிஎஃப் தேதி. ஆகஸ்ட் 23, 24 சனி ஞாயிறு நல்லது, 3பி முடிந்திருக்கும், சம்பளம் தொடங்கியிருக்காது.

கம்பெனியின் பதிவு அலுவலகமே மாறுகிறது என்றால் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் ஐஎன்சி-22 படிவம் போட வேண்டும். ஜிஎஸ்டியில் முகவரி மாற்றத்துக்கு 15 நாள்தான். இரண்டுக்கும் புது இடத்தின் வாடகை ஒப்பந்தம், ஈபி பில், உரிமையாளரின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள். பிறகு வெண்டர்களுக்கு முகவரி சொல்ல வேண்டும், பழைய முகவரியில் வரும் பில்லைத் திருத்தி வாங்குவதற்குள் எங்கள் உயிர் போய்விடும்.

ஓஎம்ஆர்_வாசி | ஜூன் 16

அம்மணி சொன்னதுதான் மல்லிகா முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு விடை என்று நினைக்கிறேன். கோர்ஸில் ப்ராஜெக்ட் மட்டும் தனியாக ஒரு தீவில் நடக்கும். அட்மினில் ப்ராஜெக்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் முதுகில்தான் நடக்கும். ஆகவே இரண்டு காலண்டர் போட வேண்டும். நிற்காத வேலைகளுக்கு ஒன்று, அதில் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் எந்த நாட்களில் தொடக்கூடாது என்று சொல்லும். ப்ராஜெக்ட்டுக்கு ஒன்று. இரண்டையும் மேலே மேலே வைத்துப் பார்த்தால் எஞ்சும் நாட்கள்தான் உங்களுடையவை. இதை எந்தச் சான்றிதழும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் எம்டியிடம் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டு மாதத்துக்கு உங்கள் தினசரி வேலையில் எது வேறு யாருக்குப் போகிறது? கேப், கேன்டீன், ஸ்டேஷனரி மூன்றையும் யாராவது எடுத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் போடும் எந்தத் திட்டமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் நடக்கும். அட்மின் ப்ராஜெக்ட்டுகள் தோற்பதில் பாதி இதனால்தான், கான்ட் சார்ட் (வேலைகளைக் காலண்டர் மேல் கோடுகளாகக் காட்டும் படம்) தெரியாததால் இல்லை.

தோஹா_பிஎம் | ஜூன் 16

ஓஎம்ஆர் வாசி, ஓடும் வேலையின் முதுகில்தான் ப்ராஜெக்ட் நடக்கும் என்ற உங்கள் வாதத்தை ஏற்கிறேன். சான்றிதழ் வாதத்தை ஏற்கவில்லை. உங்கள் விசிட்டிங் கார்டில் ஏற்கனவே மேனேஜர் என்று இருக்கிறது. "அட்மின் எக்ஸிக்யூட்டிவ்" என்ற பெயரோடு வேலை தேடுகிறவரின் ரெஸ்யூமேயை ஹெச்ஆர் பத்து விநாடி பார்த்து ஓரம் வைத்துவிடுவார்கள். வளைகுடாவில் விளம்பரத்திலேயே பிஎம்பி கேட்கிறார்கள். அறிவு வருகிறதோ இல்லையோ, கதவு திறக்கிறது.

ஓஎம்ஆர்_வாசி | ஜூன் 17

திறக்கட்டும். என்னிடம் நேர்காணலுக்கு வந்தவர்களில் எல்லாச் சொல்லும் ஒப்பிக்கிறவர்களிடம், கடைசியாக எந்த வெண்டர் ஏமாற்றினார், அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மௌனம். நான் அந்த மௌனத்துக்குத்தான் மார்க் போடுகிறேன்.

வன்னி_கந்தோர் | ஜூன் 17

இருவரும் சரிதான், வரிசைதான் பிரச்சினை. செய்துகொண்டே படித்தால் புத்தகம் ஏறும். இலவசமாகத் தொடங்க விரும்பினால் உங்கள் நாட்டில் என்பிடெல் (NPTEL, ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடங்கள்) இருக்கிறதே, எங்களுக்கு அது பொறாமை. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம், தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டும், அதனால் கொஞ்சம் மதிப்பும் உண்டு. கூகுள் 2021-இல் கோர்செராவில் தொடங்கிய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் தொடரும் ஆரம்பக்காரர்களுக்கு நல்லது, நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வார்ப்புருக்கள் நிறையத் தருகிறார்கள். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம், மூன்று போதும்.

மல்லிகா_அட்மின் | ஜூன் 27

தாமதமாகப் பதில் எழுதுகிறேன், வேலை அப்படி.

ஆனியில் ஒரு முகூர்த்த நாள் குறித்தாயிற்று, பால் காய்ச்சுவதற்கு எம்டி உடனே சம்மதித்தார். ஷிஃப்டிங்கை இரண்டு தவணையாகப் பிரித்தோம். ஆகஸ்ட் 9, 10 சனி ஞாயிறில் சேல்ஸ், டிசைன், ஹெச்ஆர். ஆகஸ்ட் 23, 24-இல் அக்கவுண்ட்ஸும் சர்வரும். நடுவில் இரண்டு வாரம் இரண்டு இடத்திலும் ஹவுஸ்கீப்பிங் ஆள் வைக்க வேண்டும், அந்தச் செலவை எழுதிக்கொடுத்தேன், எம்டி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முதல் தவணை போனதும் பழைய இடத்தில் அந்தப் பாதியில் பார்ட்டிஷன் பிரிக்கத் தொடங்கிவிடலாம், 27-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி விடுமுறையும் அப்போது இடிக்காது.

பேஸ்மென்ட் ஃபைபர் விசாரித்தேன். எங்கள் இப்போதைய வெண்டருடையது இல்லை, வேறு கம்பெனியுடையது இருக்கிறது. அதில் இரண்டு சாதாரணக் கனெக்‌ஷன் சொல்லிவிட்டேன், லீஸ்டு லைன் வரும்போது வரட்டும். ₹20,000 வரை கேட்காமலே செலவு செய்யலாம் என்று மெயிலில் வாங்கிவிட்டேன். கேன்டீனும் கேபும் ரிசப்ஷனிஸ்ட் பார்த்துக்கொள்கிறார், ஸ்டேஷனரி பொறுப்பை மட்டும் யாரும் ஏற்க மாட்டேன் என்கிறார்கள்.

லேஅவுட் கையெழுத்தாகிவிட்டது. தென்மேற்கு மூலை எம்டிக்கு. ஃபைனான்ஸ் டைரக்டர் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஒரு சந்தேகம். பின்னால் பிஎம்பி விண்ணப்பத்தில் இதைக் காட்ட வேண்டும் என்றால் இப்போதிருந்து என்ன எடுத்து வைக்க வேண்டும்?

தோஹா_பிஎம் | ஜூன் 28

பொறுப்பு உங்களுக்கு என்று எம்டி எழுதிய மெயில், தொடங்கிய தேதியும் முடியும் தேதியும், பட்ஜெட் எவ்வளவு, எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள், முடிவில் என்ன நடந்தது. விண்ணப்பத்தில் இதைச் சில வரிகளில் சுருக்கி எழுதச் சொல்வார்கள். சிலரை ஆடிட்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள், அப்போது அனுபவத்தை உறுதிப்படுத்த ஒருவர் கையெழுத்திட வேண்டும். எம்டியே போதும். அந்த மெயில்களின் பிரதியைக் கம்பெனி விதி அனுமதிக்கும் அளவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வேலை மாறினால் பழைய மெயில்பாக்ஸ் கிடைக்காது.

கேப் ஆப், அட்டெண்டன்ஸ் இயந்திரம் மாதிரி பழையவை இருந்தால் அவற்றுக்கும் இப்போதே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். ரொம்பப் பழைய அனுபவத்தை ஏற்க மாட்டார்கள், எத்தனை வருடம் வரை என்பதை பிஎம்ஐ தளத்தில் பாருங்கள்.

அக்கவுண்ட்ஸ்_அம்மணி | ஜூன் 28

ஸ்டேஷனரியை எங்கள் பக்கம் தள்ளிவிடாதீர்கள் என்று மட்டும் உங்கள் அக்கவுண்ட்ஸ் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். உரிமையாளரின் சம்மதக் கடிதம் வந்துவிட்டதா?

மல்லிகா_அட்மின் | ஜூன் 28

வரவில்லை. "உரிமையாளரிடம், ஜூன் 17-லிருந்து" என்று ஷீட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை நேரிலேயே போகிறேன்.